விதைக்காமல் பூக்கும் நிலம்

(பத்தாம் வகுப்பு மாணவி, அன்னூர்)

முன்னுரை

பூ என்றதும் நம் நினைவுக்கு வருவன மல்லிகை, முல்லை, ரோஜா, கனகாம்பரம், செவ்வந்தி முதலியன. இவை யாவும் நாம் நட்டு, நீர் பாய்ச்சி, உரமிட்டு வளர்ப்பவை. கடைவீதியில் முழம் போட்டு விற்கப்படுபவை. ஆனால் யாரும் நடாமல் பருவந்தோறும் தாமே பூக்கும் பூக்கள் இவற்றைவிடப் பன்மடங்கு அதிகம். மலைப்பொழிவின்போது நம் ஆண்டவர் சீடருக்குச் சுட்டிக் காட்டியவையும் இத்தகைய காட்டு மலர்களே.

காட்டுப் பூக்கள் தாமே முளைப்பவை ஆதலால், அவற்றைக் காக்க யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று பலரும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பாதி உண்மையே. பூக்களை நட வேண்டியதில்லை. ஆனால் அவை பூக்கும் நிலத்தை அறிந்து பேண வேண்டும். இவ்வாண்டு காலாண்டு விடுமுறையில், எங்கள் அறிவியல் ஆசிரியையும் அருட்சகோதரியர் இருவரும் எங்களை இரவிகுளம் தேசியப் பூங்காவிற்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றனர். அங்கே கண்டதையும் கற்றதையும், அதனால் நம் ஊருக்குப் பெறத்தக்க பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

இருப்பிடமும் வரலாறும்

இரவிகுளம் தேசியப் பூங்கா, கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் மூணாற்றுக்கு அருகில் உள்ளது. அன்னூரிலிருந்து அவிநாசி, திருப்பூர் வழியாக உடுமலைப்பேட்டை சென்று, அங்கிருந்து சின்னாறு, மறையூர் மலைப்பாதையில் ஏற வேண்டும். சின்னாற்றில் முட்புதர்க் காடு; மறையூரில் சந்தன மரங்கள்; அதற்கு மேல் தேயிலைத் தோட்டங்கள். தேயிலைக்கும் மேலே, முகில் தவழும் உயரத்தில், புல்வெளி தொடங்குகிறது. அதுவே இரவிகுளம்.

இதன் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். இமயத்துக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரத்தில் இங்கேதான் நிற்கிறது. வெள்ளையர் காலத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார்கள் இப்பகுதியை வேட்டைக் களமாக வைத்திருந்தனர். மலைவாழ் மக்களான முதுவர்கள் அதன் காவலர்களாகப் பணியாற்றினர். 1971-ல் கேரள அரசு சட்டமியற்றி இந்நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975-ல் இது சரணாலயமாகவும், 1978-ல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வேட்டையாடுவதற்காகக் காக்கப்பட்ட நிலம் பின்னர் உயிர்களைக் காக்கும் நிலமாக மாறியது வியப்புக்குரிய செய்தியன்றோ!

பார்வையாளர்கள் எல்லா இடத்துக்கும் செல்ல இயலாது. இராஜமலை என்னும் ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே அனுமதி. அதற்கும் பூங்காவின் பேருந்திலேயே செல்ல வேண்டும். பிளாஸ்டிக் பைகளை வாயிலிலேயே வாங்கி வைத்துவிடுகின்றனர். வரையாடுகள் குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்கா மூடப்படுகிறது.

புல்வெளியும் சோலையும்

இங்குள்ள மலைச்சரிவுகளில் புல்லும், பள்ளத்தாக்குகளின் மடிப்பில் அடர்ந்த காடும் காணப்படுகின்றன. அக்காட்டிற்குச் 'சோலை' என்று பெயர். சோலை என்னும் தமிழ்ச் சொல்லையே உலகெங்கும் உள்ள தாவரவியலார் இக்காடுகளுக்கு வழங்குகின்றனர் என்று ஆசிரியை கூறியபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

"சரிவில் மட்டும் ஏன் டீச்சர் மரங்கள் இல்லை? யாராவது வெட்டிவிட்டார்களா?" என்று தோழி ஒருத்தி வினவினாள். யாரும் வெட்டவில்லை. மலைச்சரிவில் மண் ஆழமில்லை. காற்று கடுமையாக வீசும். குளிர்கால இரவுகளில் உறைபனி விழும். சோலை மரங்களின் இளங்கன்றுகள் உறைபனியில் கருகிவிடும். புல்லும் சிறு பூச்செடிகளும் தாங்கிக்கொள்ளும். நீலகிரியில் சதுப்பு நிலங்களின் அடியில் படிந்துள்ள பழைய கரிமண்ணை ஆராய்ந்து, இப்புல்வெளிகள் 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தன என்று அறிவியலார் கண்டுள்ளனர். ஆகவே புல்வெளி என்பது காடு அழிந்த இடமன்று. காட்டைப் போலவே பழமையான, தனித்த ஒரு வாழிடமாகும்.

புல்வெளி ஒரு நீர்த்தொட்டியும் ஆகும். பெய்யும் மழையைப் புல்லின் வேர்கள் பஞ்சுபோல் ஈர்த்து வைத்து, சிறிது சிறிதாகச் சோலை ஓடைகளுக்கு விடுகின்றன. இரவிகுளத்து ஓடைகளில் சில மேற்கே பெரியாற்றுக்குச் செல்கின்றன. கிழக்கே செல்பவை பாம்பாற்றில் சேர்ந்து, அமராவதியாகி, உடுமலை, தாராபுரம் வயல்களை நனைத்துக் காவிரியில் கலக்கின்றன. நம் கொங்கு நாட்டு நெல்லில் ஒரு பங்கு இந்தப் புல்லின் கொடையே.

நாங்கள் கண்ட பூக்கள்

நாங்கள் சென்றது மழை ஓயும் காலம். நீர் கசியும் பாறைகளின் மேல் இளஞ்சிவப்பு நிறக் காசித்தும்பைகள் கொத்துக் கொத்தாய்ப் பூத்திருந்தன. நம் வீட்டு முற்றத்தில் வளரும் காசித்தும்பையின் காட்டு உறவினர்கள் இவை. மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் வளராத காசித்தும்பை வகைகள் பல உண்டு. புல்லின் நடுவே ஊதா நிற ஆஸ்பெக்கியாவும், காகிதத்தில் செய்தது போன்ற வெண்ணிற அனாஃபலிஸும் தெரிந்தன. தரையில் வளரும் ஆர்க்கிட் ஒன்றை வழிகாட்டி காட்டியிராவிட்டால் நாங்கள் கவனித்திருக்கவே மாட்டோம், அத்தனை சிறியது.

ஈரமான ஓரிடத்தில் பாடநூலில் படித்த டிரோசிராவைக் கண்டோம். அதன் இலைமுடிகளின் நுனியில் பனித்துளிபோல் பசை மின்னுகிறது. தேனென்று நம்பி வந்தமரும் சிறு பூச்சி ஒட்டிக்கொள்ள, இலை மெல்ல மடிந்து அதைச் செரித்துவிடுகிறது. மண்ணில் நைட்ரஜன் சத்துக் குறைவாக இருப்பதால், அச்செடி பூச்சியிடமிருந்து அதைப் பெறுகிறது. ஏழை மண்ணிலும் வாழ இறைவன் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்.

இம்மலையின் அரசியான குறிஞ்சியை நாங்கள் பூக்கோலத்தில் காணவில்லை. பச்சைப் புதர்களையே கண்டோம். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும். ஒரு மலையின் செடிகள் யாவும் ஒருசேரப் பூத்து, விதையை உதிர்த்து, மடிந்துபோகும். இத்தனை விதைகள் ஒரே காலத்தில் விழும்போது, பூச்சிகளும் பறவைகளும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். அதுவே அடுத்த தலைமுறை. இங்கு 2006-லும் 2018-லும் குறிஞ்சி பூத்தது. அடுத்து 2030-ல் பூக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அப்போது எங்கள் வகுப்பினருக்கு 20 வயது இருக்கும். இடைப்பட்ட 12 ஆண்டுகளில் அந்நிலத்தை ஒரே ஒரு முறை உழுதுவிட்டாலும், மரப்பண்ணையாக்கிவிட்டாலும், அவ்விடத்தில் அந்த நீலத்தை மீண்டும் காண இயலாது.

பூக்களைக் காக்கும் பணிகள்

இப்பூங்காவில் வனத்துறையினர் பூச்செடி நடுவதில்லை. ஆயினும் ஆண்டு முழுதும் அவர்களுக்கு வேலை உண்டு.

முதலாவது, நெருப்பு. இதைக் கேட்டு நாங்கள் திகைத்தோம். புல்வெளியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டும் சில பகுதிகளை மட்டும், கோடை தொடங்கும் முன், பனியின் ஈரம் இருக்கும்போதே, முதுவர்களின் துணையுடன் எரிக்கின்றனர். "பூவெல்லாம் வெந்து போகாதா ஐயா?" என்று வழிகாட்டியாக வந்த முதியவரிடம் கேட்டோம். "மேல இருக்கிற சருகுதான் பாப்பா எரியும். வேரும் கிழங்கும் மண்ணுக்குள்ள பத்திரமா இருக்கும். சருகை அப்படியே விட்டா, சித்திரை வெயில்ல பிடிக்கிற தீ சோலையையும் சேர்த்துத் தின்னுரும்" என்றார் அவர். நூலில் எழுதப்படாத அறிவு இது; முதுவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தது.

இரண்டாவது, மேய்ச்சல். எரிந்த பகுதியில் துளிர்க்கும் இளம்புல்லை வரையாடுகள் விரும்பி மேய்கின்றன. உயரமான புல் அனைத்தையும் மூடிவிடாதபடி அவை மேய்வதால், சிறு பூச்செடிகளுக்கு வெயில் கிடைக்கிறது. வரையாடு நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. உலகிலேயே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே அது வாழ்கிறது. இரவிகுளத்தில் மட்டும் 800-க்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றைக் காப்பதற்காகத் தமிழ்நாடு அரசும் 2023-ல் ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியுள்ளது.

மூன்றாவது, களையெடுத்தல். வெளிநாட்டிலிருந்து வந்த மரங்களும் செடிகளும் புல்வெளிக்குள் நுழைகின்றனவா என்று கண்காணித்துப் பிடுங்குகின்றனர்.

நான்காவது, மனிதரைக் கட்டுப்படுத்துதல். நாம் பாதையை விட்டு ஓரடி விலகி நின்று படம் எடுத்தால், நம் பின்னே வரும் நூறு பேரும் அதே இடத்தில் மிதிப்பார்கள்.

மரம் நடுவது எப்போதும் நன்மையா?

மரம் நடுவோம் என்று பேச்சுப் போட்டியிலும் ஓவியப் போட்டியிலும் ஆண்டுதோறும் முழங்குகிறோம். மரம் நல்லதே. ஆனால் எந்த மரம், எந்த இடத்தில் என்பதையும் கேட்க வேண்டும்.

வெள்ளையர் ஆட்சியில் மலைப்புல்வெளிகள் வரி தராத வெற்று நிலமாகக் கருதப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரமும், மலைமக்கள் சீகை என்று கூறும் வாட்டில் மரமும் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டன. சுதந்திரத்திற்குப் பின்னும், விறகுக்காகவும், தோல் பதனிடும் பட்டைக்காகவும், செயற்கைப் பட்டு இழைக்கான மரக்கூழுக்காகவும் ஏக்கர் ஏக்கராக இவை நடப்பட்டன. தொலைவிலிருந்து பார்ப்போருக்கு மலை பசுமையாயிற்று என்றே தோன்றியது. ஆனால் அப்பசுமையின் நிழலில் குறிஞ்சி இல்லை, ஆர்க்கிட் இல்லை, வரையாட்டுக்குப் புல்லும் இல்லை. வாட்டில் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து பின் முளைக்கும். எனவே மரத்தை வெட்டிய பின்னும் தொல்லை தீர்வதில்லை.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பழனி மலையை ஆராய்ந்தவர்கள், 1973-க்கும் 2014-க்கும் இடையே அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று கண்டனர். இத்தகைய இழப்பை உணர்ந்தே தமிழ்நாடு அரசு 2022-ல், அயல் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. நட்டுவிடுவது ஒரு நாள் வேலை. தவறாக நட்டதை அகற்றுவதோ ஒரு தலைமுறையின் வேலை.

பிற நாட்டார் கற்ற பாடம்

இங்கிலாந்து நாட்டிலும் பூக்கள் நிறைந்த புல்வெளிகள் ஒரு காலத்தில் ஊர்தோறும் இருந்தன. மாட்டுக்கு வைக்கோல் போலச் சேர்த்து வைக்கும் உலர்புல்லுக்காக உழவர்கள் அவற்றைப் பேணினர். 1930-களுக்குப் பின் ஏர் ஓட்டியதாலும் உரம் இட்டதாலும் அவற்றில் 97 விழுக்காடு அழிந்துவிட்டன.

உரம் இட்டால் பூ எவ்வாறு அழியும் என்று கேட்கலாம். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னும் ஆராய்ச்சி நிலையத்தில் 1856-ல் தொடங்கிய ஒரு சோதனை இன்றும் தொடர்கிறது. ஒரே புல்வெளியைப் பாத்திகளாகப் பிரித்து, சிலவற்றுக்கு உரமிட்டனர், சிலவற்றை விட்டுவிட்டனர். உரமிடாத பாத்திகளில் ஏறத்தாழ 40 வகைச் செடிகள் இன்றும் வளர்கின்றன. நைட்ரஜன் உரம் மிகுதியாகப் பெற்ற சில பாத்திகளில் இரண்டு மூன்று வகைப் புல்லே மிஞ்சியுள்ளது. உரத்தை உண்டு விரைந்து வளரும் ஓரிரு புற்கள் மற்றவற்றை மூடிவிடுகின்றன. ஆகவே அங்குள்ள பாதுகாவலர்கள் இன்று மூன்று விதிகளைக் கைக்கொள்கின்றனர்: உரமிடக் கூடாது, விதை முற்றும் வரை அறுக்கக் கூடாது, அறுத்த புல்லை அங்கேயே விடாமல் அகற்ற வேண்டும்.

நம் கொங்கு நாட்டின் பூங்காடு

மலைக்கும் சீமைக்கும் சென்றால்தான் காட்டுப் பூக்களைக் காண முடியுமா? நம் காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பகுதிகளில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. சுற்றிலும் கிளுவை வேலி. நடுவே ஆங்காங்கே வெள்வேல மரங்கள். தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். மாடுகளை ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டிற்கு மாற்றி மாற்றி விட்டு, புல் தழைக்க இடம் கொடுப்பர். வரையாடு இரவிகுளத்தில் செய்யும் வேலையைக் காங்கயம் மாடு இங்கே செய்கிறது. மழை பெய்துவிட்டால் அங்கே பூக்கும் சிறு பூக்களை எண்ணி முடியாது.

நம் அன்னூர்ப் பக்கத்தில் இட்டேரிகள் உண்டு. இரு புறமும் உயிர்வேலி வளர்ந்த வண்டிப் பாதையே இட்டேரி. அவ்வேலியில் கோவைக்கொடி, பிரண்டை, முடக்கத்தான், சங்குப்பூ யாவும் படரும். நம் மாநில மலரான செங்காந்தளும் மழைக்காலத்தில் தீச்சுடர்போல் அங்கே பூக்கும். அதைத்தான் உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் மூலனூர்ப் பக்கம் பயிரிட்டு, மருந்துக்காக விதையை ஏற்றுமதி செய்கின்றனர். வேலியில் தானே வளர்ந்த கொடி இன்று பலருக்குப் பிழைப்பாகியிருக்கிறது.

பொங்கலுக்கு முன்னாள் காப்புக் கட்டும்போது வீட்டு இறவாரத்தில் வேப்பிலையுடன் செருகும் ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் யாரும் தோட்டத்தில் வளர்த்ததில்லை. பொங்கலை ஒட்டிப் பெண்கள் கூட்டமாகப் பாடிச்சென்று பூப்பறிக்கும் நோம்பி கொண்டாடியதும் இத்தகைய காட்டுப் பூக்களை நம்பியே. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியரும் பறித்துக் குவித்ததாக 99 பூக்களின் பெயர்கள் வருகின்றன. அவ்வளவு பூக்களின் பெயரும் அக்காலத்தார் அறிந்திருந்தனர்.

"அந்தக் காலத்துல இட்டேரியில எறங்குனா மடி நெறைய ஆவாரம்பூ. இப்பச் சந்தையில காசு குடுத்து வாங்கறோம்" என்று எங்கள் அம்மிச்சி சொல்வார். இட்டேரிகள் தார்ச்சாலையாகின்றன, உயிர்வேலி போய்க் கல்காலும் கம்பியும் வருகின்றன, மிச்சமுள்ள புறம்போக்கில் சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் பரவுகின்றன. சாலை நமக்கு வேண்டியதே. ஆயினும் 'சும்மா கிடக்கும் நிலம்' என்று நாம் சொல்லும் ஒவ்வொரு துண்டிலும் என்ன வாழ்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே!

நாம் செய்யத் தக்கவை

1. பெயர் அறிவோம். பெயர் தெரியாத செடியைக் களை என்று பிடுங்கிவிடுவோம். பெயர் தெரிந்ததைப் பிடுங்கத் தயங்குவோம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ல் இராபினாட் உலர்தாவரக் கூடத்தை நிறுவிய இயேசு சபைக் குரு கே. எம். மேத்யு அடிகளார், தம் வாழ்நாளைத் தமிழ்நாட்டுச் செடிகளைச் சேகரித்துப் பதிவு செய்வதில் செலவிட்டார். அருகே கோவையில் 1955 முதல் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இயங்குகிறது. வழி காட்டுவோர் நம்மிடையே இருக்கின்றனர்.

2. எண்ணிப் பார்ப்போம். நான்கு குச்சிகளும் கயிறும் கொண்டு ஒரு மீட்டர் சதுரம் அமைத்து, அதனுள் எத்தனை வகைச் செடிகள் உள்ளன என்று மாதம் ஒரு முறை குறிப்பேட்டில் எழுதலாம். வீட்டுத் தோட்டம், வயல் வரப்பு, இட்டேரி ஓரம் ஆகிய மூன்றிலும் செய்தால் ஒப்பிட்டு அறியலாம்.

3. அழகை மட்டும் கண்டு ஏமாறாதிருப்போம். உண்ணிச்செடியின் பூ வண்ணமயமானது. ஆனால் அது பரவிய இடத்தில் வேறு செடி பிழைப்பது அரிது.

4. ஒரு மூலையை விட்டு வைப்போம். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், துறவியர் தோட்டத்தில் ஒரு பகுதியைப் பயிரிடாமல் விடும்படி கேட்டுக்கொண்டார். அங்கே காட்டுப் பூக்கள் வளரவும், காண்போர் படைத்தவரை நினைக்கவும் வேண்டும் என்பது அவர் கருத்து. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் எழுதிய சுற்றுமடலிலும் இச்செய்தியை நினைவூட்டியுள்ளார். நம் பள்ளி மைதானத்தின் பின்புறம், கிணற்றை ஒட்டிய மூலையில் தும்பையும் விஷ்ணுகிரந்தியும் துத்தியும் தாமே வளர்கின்றன. விதை உதிரும் தை மாதம் வரை அங்கே புல் செதுக்காமல் விடும்படி நம் தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களிடம் எங்கள் வகுப்பின் சார்பில் பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம். பார்த்தீனியத்தைப் பிடுங்கும் பொறுப்பை நாங்களே ஏற்கிறோம்.

முடிவுரை

இரவிகுளத்தில் 97 சதுர கிலோமீட்டர். நம் பள்ளியில் ஒரு சிறு மூலை. அளவில் பெரிய வேறுபாடு இருப்பினும் காக்கும் முறை ஒன்றே: நிலத்தின் இயல்பை அறிதல், அயல் களையை அகற்றுதல், விதைக்கும் காலத்தில் தொல்லை செய்யாதிருத்தல், பொறுமையோடு காத்திருத்தல். குறிஞ்சிக்கு 12 ஆண்டு காத்திருக்க வேண்டும். தும்பைக்கு ஒரு மழை போதும். இந்த ஆண்டு மழை வந்துவிட்டது. அன்புத் தோழியரே, குறிப்பேட்டையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், எண்ணத் தொடங்குவோம்!